பச்சைத் தண்ணீர் தொடர்பாகச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நான், என் மனைவி, மாப்பிள்ளை ஆகக் காத்திருக்கும் என் மகன் மூவரும் சுகம். அங்கு உங்கள் குளியலறை நீங்கலாக எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் சொன்னதைக் கோபத்தில் நீங்கள் பாதிதான் கேட்டீர்கள். ஆகவே முழுவதையும் எழுத்தில் தருகிறேன். நெடுஞ்சாலையின் கான்கிரீட் பாளங்களுக்கு அடியில் சரளைக்கல் அடுக்கு ஒன்று உண்டு. விரிசல் வழியே இறங்கும் மழைநீர் அந்தச் சரளையில் ஓடி, ஓரத்துக் குழாய் வழியாக ஓடைக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால் லாரி ஏறும்போதெல்லாம் பாளம் ஆடும், ஆடினால் உடையும், உடைந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். உங்கள் வீட்டுக்கு எதிரே மட்டும் ஆறு பாளங்கள் உடைந்திருந்ததால், சாலையைப் பெயர்க்காமலேயே அடியில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வடிகிறது என்று அளக்க வந்தேன். பெண் வீட்டை வேவு பார்க்க வந்ததாக உங்கள் மைத்துனர் சொல்லித் திரிவது சரியல்ல.

துளை போடுபவர் கான்கிரீட்டில் கையகலத்துக்கு ஒரு துளை போட்டார். பச்சைச் சாயம் கலந்த இருநூறு லிட்டர் தண்ணீரை அதில் ஊற்றிவிட்டு, நான் ஓடைக்கரையில் குழாய் வாய்க்கு எதிரே முக்காலி போட்டுக் கடிகாரத்துடன் உட்கார்ந்தேன். கணக்குப்படி இருபது நிமிடத்தில் பச்சை தெரிய வேண்டும். ஒரு மணி நேரமாயிற்று. ஒரு பல்லிதான் வெளியே வந்தது. அதுவும் தன் சொந்த நிறத்தில். "சார், ஊத்துன தண்ணி எங்கதான் போச்சு?" என்றார் துளை போடுபவர். "அதைக் கண்டுபிடிக்கத்தான்யா நமக்குச் சம்பளம்" என்றேன். அப்போது உங்கள் மகளிடமிருந்து போன் வந்தது.

"மாமா, ரோட்டுல பச்சையா ஏதாவது ஊத்துனீங்களா?"

"ஏம்மா?"

"அப்பா குளிச்சிட்டிருந்தாரு."

"எத்தனை மணிக்கு வந்துச்சு, நிமிஷத்தோட சொல்லும்மா" என்று நான் கேட்டிருக்கக் கூடாது என்று என் மனைவி சொல்கிறாள். ஆனால் அன்று கிடைத்த ஒரே அளவு அதுதான்.

நான் ஓடிவந்தபோது நீங்கள் துண்டோடு வாசலில், கணுக்கால்வரை பச்சையாக நின்றிருந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. துளை போடுபவர் சிரித்தார். அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறேன். உடனே சாலையோரத்தைத் தோண்டினோம். உங்கள் குளியலறைக் கழிவுநீர்க் குழாய் எங்கள் வடிகுழாயில் வந்து செருகியிருந்தது. பன்னிரண்டு வருடத்துச் சோப்பும் முடியும் சேர்ந்து கல்லாக அடைத்திருந்தன. உங்கள் வீடு சாலையைவிடத் தாழ்வு என்பதால், போக்கிடம் இல்லாத தண்ணீர் உங்களைத் தேடி வந்துவிட்டது.

"அப்போ நான் குளிச்சதுனாலதான் ரோடு உடைஞ்சுதா?" என்று கேட்டீர்கள். "ஆமாம் சம்பந்தி" என்றேன். தொழில்முறையில் சொன்னதை நீங்கள் குடும்பமுறையில் எடுத்துக்கொண்டீர்கள். அனுமதி வாங்கித்தான் இணைத்தேன் என்றீர்கள். காகிதம் எங்கே என்றேன். கரையான் தின்றுவிட்டது என்றீர்கள். நான் கரையானைப் பற்றி ஏதோ சொல்ல, நீங்கள் உள்ளே திரும்பி, "கல்யாணப் பத்திரிகை அடிக்க வேணாம்னு சொல்லிடு" என்றீர்கள்.

அன்றிலிருந்து என் மகன் என்னோடு பேசுவதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால், "சாலைத் துறைக்குப் பசிச்சா சாப்பிடட்டும்" என்று தாயிடம் சொல்லி அனுப்புகிறான். ஆகவே, 'அனுமதியின்றிக் குழாயை இணைத்தது என் தவறு' என்று நீங்கள் ஒரு வரி எழுதித் தந்தால், நான் பெருந்தன்மையாக மன்னித்துவிடுவேன். அதன்பிறகு கல்யாணத்துக்குத் தடையில்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், மருமகளுக்கு ஆசிகள். பச்சை நான்கு நாளில் தானாகப் போய்விடும், தேய்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
இன்னமும் உங்கள் சம்பந்தி

பி.கு.: இப்போதுதான் அலுவலக எழுத்தர் ஒரு பழைய கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் முறையாக விண்ணப்பித்து, அனுமதி பெற்றுத்தான் குழாயை இணைத்திருக்கிறீர்கள். 'நேரில் பார்த்தேன், சாலைக்கு ஒரு பாதிப்பும் வராது' என்று அடியில் குறிப்பு இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. இக்கடிதத்தைக் கிழித்துவிடலாமென்றால், எழுத்தர் பழக்கதோஷத்தில் இதற்கும் பதிவேட்டில் எண் போட்டுவிட்டார்; எண் விழுந்த கடிதம் போயே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை புதுக் குழாயுடன் நானும் மகனும் வருகிறோம். அதற்குள், இப்படியொரு கடிதம் உங்களுக்கு வரவே இல்லை என்று தயவுசெய்து ஒரு வரி பதில் எழுதவும்.