வேர் காட்டிய ராஜ்யம்

முதலில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லிவிடுவோம். ஊர், பாறசாலைக்குப் பக்கம், ஆண்டு 1954. பந்தல் நடுவில் பலகைமேல் வேர்ச்சாமி சோமன். அவர் முன்னால் பரணிகள், மிட்டாய்க் கடைக் கண்ணாடி ஜாடிகள்தான். தெற்கே, தமிழகத்தோடு சேரவேண்டும் என்பவர்கள். வடக்கே, இருக்கிறபடி மலையாள ராஜ்யத்திலேயே இருக்கட்டும் என்பவர்கள். எல்லார் மடியிலும் காணிக்கைக் கோழி. கோழிகளுக்கு எல்லைத் தகராறில் அபிப்பிராயம் இல்லை. யார் ஜெயித்தாலும் குழம்புதான். முன்வரிசையில் வேலாயுதன், சட்டைப்பையில் ஒட்டாத கடிதத்தோடு. பரணியை ஒட்டி, தனுவச்சபுரத்தில் செடிகொடிப் பாடம் நடத்தும் லீலாபாய்.

வித்தை இதுதான். உங்கள் நிலத்து மண்ணைப் பரணியில் இட்டு, சாமி பயறு முளைக்கவைப்பார். வேர் தெற்கே வளைந்தால் நிலம் தமிழகத்துக்கு. வடக்கே வளைந்தால் மலையாள ராஜ்யத்துக்கு. ஏனோ, பாறை நிலத்து வேரெல்லாம் தெற்கே போயிற்று. தென்னை காய்த்துத் தள்ளும் நிலத்து வேரெல்லாம் வடக்கே.

வேலாயுதனின் வேரும் வடக்கே.

“தமிழனுக்கு அங்க இருப்பில்ல மக்கா. வித்துட்டுப் போ. எனக்க மச்சினன் காஞ்சிரங்குளத்தில வாங்கக் காத்திருக்கான்” என்றார் சாமி.

முப்பது தென்னை, அடியில் மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. வேலாயுதனுக்கு வேறு நிலம் கிடையாது. வேர் வடக்கே போனால் விற்கிறேன் என்று அந்த மச்சினனுக்கு முன்பே எழுதிப் பையில் வைத்திருந்த சம்மதக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

லீலாபாய் பரணியின் தெற்கோரத்தில் ஒரு சிட்டிகை மண் எடுத்தாள். “நாக்கில வச்சுப் பாருங்க அண்ணே.”

“கடல்தண்ணி மாதிரி கரிக்குதே டீச்சரே.”

“இது வடக்கு ஓரம்.”

“சும்மா மண்ணு.”

“சாமியும் பாக்கட்டும்.”

“இன்னைக்கு எனக்கு விரதமாக்கும்” என்றார் சாமி. காலையில் கோழிக்கால் கடித்த வாய்.

லீலாபாய் சொன்னாள்: “வேருக்குள்ள வளர்ச்சியை நடத்துற ஒரு சாறு உண்டு. உப்பு தட்டின பக்கம் அது குறையும், மறுபக்கம் கூடும். கூடின பக்கம் வேரு மெதுவா வளரும், அந்தப் பக்கமே வளையும். உப்பை விட்டு ஓடுது, அவ்வளவுதான். எனக்க குப்பியில கிழக்கே உப்பு வச்சேன். வேரு மேற்கே போச்சு.”

பின்வரிசையில் ஈசாக் தாடியைச் சொறிந்தார். “மேற்கே கடலாக்கும். அப்போ டீச்சருக்க பள்ளிக்கூடம் கடலோட சேருமா?”

சிரிப்பில் கோழிகள் மிரண்டன. அவரவர் தம் பரணி மண்ணை நக்கிப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் ஒத்துப்போகாத இரு கட்சியும் அன்று ஒரே முடிவுக்கு வந்தன: உப்பு. நிமிர்ந்து பார்த்தபோது பலகை காலி.

வேலாயுதன் சம்மதக் கடிதத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினான்:

‘காஞ்சிரங்குளம் மச்சினர் அவர்களுக்கு. நிலம் விற்பதாக இல்லை. எதை விட்டு விலகவேண்டும் என்று ஒரு பயற்று வேருக்குத் தெரிந்திருக்கிறது. தலை என்று ஒன்றைச் சுமந்து திரிகிற நாங்களும் இனி யோசித்துப் பார்ப்பதாக இருக்கிறோம்.’

மரச்சீனிப் பசை தடவி உறையை ஒட்டினான். தபால் பெட்டியில் போட்டான்.