வெள்ளைக்காரத் தாய்மாமன்கள்

எங்கள் பக்கம் ஒரு கல்யாணத்தைக் கெடுக்க நகைத் தகராறோ ஜாதகக் கோளாறோ தேவையில்லை. ஒரு பிளெக்ஸ் பேனர் போதும். யார் படம் முதலில் இருக்கிறது, யார் படம் பெரிசு, யார் பெயருக்குக் கீழே தொழில் போட்டிருக்கிறது, யாருக்கு விட்டுப்போயிற்று என்று மண்டபத்து வாசலில் நின்று ஒரு முழு விசாரணை நடத்திவிட்டுத்தான் பந்திக்கே போவார்கள். (சிலர் பந்திக்குப் போகாமல் அப்படியே பஸ் ஏறிவிடுவதும் உண்டு.) அப்படிப்பட்ட ஊரில், சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கு, தாய்மாமன்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இங்கிலாந்து நடிகர்களின் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து நடுரோட்டில் கட்டியவன் நான். எப்படி உதை வாங்காமல் தப்பித்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பிளெக்ஸ் பேனர் எங்கள் ஊர்களுக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. நான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் டிசைனர். டிசைனர் என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் செய்கிற வேலை. சரவெடிக்கு ஒரு புலி, புஸ்வாணத்துக்கு ஒரு மயில், மத்தாப்புக்குப் பல் முளைக்காத ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. அந்தக் குழந்தை யார், எந்த நாடு, அதன் அப்பா அம்மா சம்மதித்தார்களா என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. நெட் சென்டரில் படம் கிடைத்தால் அது லேபிள் ஆகிவிடும்.

எனக்கு அப்போது ஒரு பைத்தியம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேபிளில் ஓர் இங்கிலீஷ் சேனலில் வந்த துப்பறியும் தொடர். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமம், எந்நேரமும் மழை. முதல் விளம்பரம் வருவதற்குள் ஒருவர் செத்துக் கிடப்பார். உடனே கசங்கிய கோட்டோடு ஒரு வயதான இன்ஸ்பெக்டர் வந்து, கடைவாய்ப் பல் வலிக்கிற முகத்தோடு பிணத்தைப் பார்ப்பார். கூடவே டை கட்டிய ஓர் இளவட்ட சார்ஜென்ட். (நம் ஊர்க் கணக்கில் ஏட்டு என்று வைத்துக்கொண்டேன்.) பிணத்தைச் சோதித்துவிட்டு அதே இடத்தில் நின்று ரொட்டி தின்கிற ஒரு டாக்டரம்மா. பேசுகிற இங்கிலீஷில் கால்வாசிதான் எனக்குப் புரியும். ஆனால் இன்ஸ்பெக்டருக்கும் ஏட்டுக்கும் நடக்கிற சண்டை முழுசாகப் புரியும். ஆரம்பத்திலிருந்து கடைசிவரை எதற்கெடுத்தாலும் முட்டிக்கொள்வார்கள், ஆனால் எங்கே போனாலும் ஒரே காரில்தான் போவார்கள். அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்தத் தொடர் என்னைச் சும்மா விடவில்லை. லுங்கியில் பாக்கெட் இல்லை என்பதை மறந்து பாக்கெட்டில் கைவிட்டு நடக்கப் பார்ப்பேன். அச்சகத்தில் ஒரு கட்டு லேபிள் காணாமல் போனபோது, கட்டிங் மிஷின் அண்ணாச்சியைத் தனியாகக் கூப்பிட்டு, நேற்றுச் சாயங்காலம் எங்கே இருந்தீர்கள் என்று கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டேன். உன்கூடத்தானே டீ குடித்துக்கொண்டிருந்தேன், டீக்கு நான்தானே காசு கொடுத்தேன் என்று அவர் திருப்பிக் கேட்டதோடு அந்தக் கேஸ் முடிந்தது.

இப்போது மாமன்மாருக்கு வருகிறேன். அம்மாவுக்கு ஓர் அண்ணன், ஒரு தம்பி. அண்ணன் ராமசாமி, ஆமத்தூரில் விவசாயம். தம்பி முத்துராஜ், அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். சின்ன மாமா வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையில் பெரிய மாமாவின் பெயர் இரண்டாவது வரிக்கு இறங்கிவிட்டது, அவ்வளவுதான். பெரியவர் அந்த விசேஷத்துக்குப் போகவில்லை. பெரியவரின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குச் சின்னவர் போகவில்லை. அதற்கப்புறம் வருடக்கணக்காகப் பேச்சே இல்லை. ஒருத்தர் எங்கள் வீட்டுக்கு முன்வாசலில் நுழைந்தால் இன்னொருத்தர் பின்வாசலில் செருப்பைத் தேடுவார். நடுவில் கிடந்து அல்லாடியது அம்மா.

தங்கச்சி செல்விக்குக் கல்யாணம் முடிவானபோது எங்களுக்கு அப்பா இல்லை. அவள் சேலை கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ரெண்டு மாமாவும் ஆளுக்கொரு கையப் பிடிச்சு என்னய மேடைக்குக் கூட்டிட்டுப் போகணும். ஒருத்தருதான் வருவாகன்னா எனக்கு ஒருத்தருமே வேண்டாம். நானே நடந்து போயிக்கிறேன்."

சொன்னால் செய்கிறவள். அம்மா அழுதாள், நான் இரண்டு ஊருக்கும் அலைந்தேன். இரண்டு மாமன்களும் வருவதாகச் சொன்னார்கள், சீர் கொண்டுவருவதாகவும் சொன்னார்கள். கிளம்பும்போது இருவருமே, தனித்தனியாக, ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: பேனரில் முதலில் யார்?

அங்கேதான் எனக்குள் இருந்த துப்பறியும் புலி விழித்துக்கொண்டது. மண்டபம் திருத்தங்கல் மெயின் ரோட்டில். பெரிய மாமா விருதுநகர் பக்கமிருந்து வருவார், சின்ன மாமா சிவகாசி பக்கமிருந்து வருவார். ஆக, மண்டபத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பேனர், அந்தப் பக்கம் ஒரு பேனர். விருதுநகர் பக்கத்துப் பேனரில் பெரியவர் முதலில், சிவகாசி பக்கத்துப் பேனரில் சின்னவர் முதலில். ஒருத்தர் பேனரை மற்றவர் பார்க்கப்போவதில்லை. இன்ஸ்பெக்டரே செய்திருந்தாலும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது என்று எனக்கே என்மேல் பெருமை தாங்கவில்லை.

ஆனால் இருவரும் போட்டோ தராமல் இழுத்தடித்தார்கள். அவன் தந்துவிட்டானா என்று பெரியவர் கேட்பார், அவர் தரட்டும் பார்க்கலாம் என்று சின்னவர் சொல்வார். இடம் காலியாக இருந்தால் டிசைன் எப்படி வரும் என்று தெரியாதே. அதனால் மாதிரிக்கு இருக்கட்டும் என்று நெட் சென்டரிலிருந்து என் தொடரின் படத்தை இறக்கி, பெரிய மாமா இடத்தில் இன்ஸ்பெக்டரையும் சின்ன மாமா இடத்தில் ஏட்டையும் வைத்தேன். பெரிய அத்தைக்கு அந்த டாக்டரம்மா. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

உண்மையான போட்டோக்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தன. ஆவணி மாதம், தீபாவளி சீசன் உச்சம். லேபிள் லோடு போகவில்லையென்று முதலாளி ஒரு பக்கம் கத்திக்கொண்டிருந்தார். கத்தலுக்கு நடுவிலே படங்களை மாற்றிப் புதிய பைலில் சேமித்தேன். பழைய பைலை சி.டி.யில் ஏற்றினேன். சி.டி.யைப் பிளெக்ஸ் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் பாண்டியிடம் கொடுத்துவிட்டு, காய்கறி வாங்க ஓடினேன். (பாண்டியிடம் பிற்பாடு சண்டைக்குப் போனேன். "பட்டாசுப் பெட்டியில நீ போடாத வெள்ளக்காரனா? ஏதோ காரணமாத்தான் போட்டிருக்கேன்னு நெனச்சேன்" என்றான்.)

விடிந்தது. பேனர் கட்டும் வேலையை அச்சகத்துப் பையன்களிடம் விட்டுவிட்டு நான் சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா வந்து, பெண் வீட்டில் வெளிநாட்டுச் சம்பந்தம் உண்டு என்று நீங்கள் சொல்லவே இல்லையே என்று சிரித்தபடி கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் சிரித்து வைத்துவிட்டு வெளியே போனேன்.

போனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

இரண்டு தென்னை உயரத்துக்குத் தெரிந்தது எனக்கு. பல்வலி முகத்தோடு இன்ஸ்பெக்டர், கீழே கொட்டை எழுத்தில் 'அன்புத் தாய்மாமன் ராமசாமி, விவசாயம், ஆமத்தூர்'. பக்கத்தில் டையோடு ஏட்டு, கீழே 'அன்புத் தாய்மாமன் முத்துராஜ், போர்மேன், அச்சங்குளம்'. இருவரும் கைகட்டி நின்று வருக வருக என்று வரவேற்றார்கள். அவர்களுக்குப் பின்னால் புல்தரையில், வெள்ளைத்துணி போர்த்தி நீளமாக ஏதோ கிடந்தது. அது என்னவென்று எனக்கு மட்டும் தெரியும். ஐயோ, மங்களகரமான காரியத்தில்!

அவிழ்த்துவிடலாம் என்று ஓடுவதற்குள் மேளச்சத்தம் கேட்டது. பெரிய மாமாவின் சீர் வேன் பேனருக்கு நேர் கீழே வந்து நின்றது. தாம்பாளத்தோடு இறங்கியவர் அண்ணாந்து பார்த்தார். தன் பெயரைப் படித்தார். மேலே உள்ள முகத்தைப் பார்த்தார். மறுபடியும் பெயரைப் படித்தார். மேளக்காரர் தானாகவே நிறுத்திக்கொண்டார். பெரிய அத்தை மட்டும் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு, நல்லாத்தான் இருக்கா என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

அந்நேரம் பார்த்து மறுபக்கமிருந்து சின்ன மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வேகவேகமாக நடந்து வந்தார். அவர் தன் பேனரைப் பார்த்துவிட்டு என்னைத் தேடித்தான் வருகிறார். வந்தவர் இங்கே இன்னொன்று தொங்குவதைப் பார்த்து அண்ணனுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்த அம்மா அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்குக் கல்யாணம் அவ்வளவுதான், செல்வி தனியாகத்தான் நடக்கப்போகிறாள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

பெரிய மாமா பேனரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். "ஏலே, ஒன் எடத்துல நிக்கானே, யாருலே அவன்?"

"தெரியலண்ணே" என்றார் சின்ன மாமா. "ஒங்க எடத்துல உள்ளவுகளுக்குப் பல்லு வலி போல."

அண்ணே என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்க அம்மா எத்தனை கோவிலுக்கு நேர்ந்துகொண்டாளோ. ஆரத்தித் தண்ணீர் பாதி தரையில் சிந்திவிட்டது.

அடுத்து நடந்ததை என் தொடரில்கூட அவ்வளவு நன்றாக எடுத்திருக்க மாட்டார்கள். இருவரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து என்னை மண்டபத்து ஸ்டோர் ரூமுக்குள் தள்ளி, தேங்காய் மூட்டைமேல் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சின்ன மாமா சத்தம் போட்டார். யார் இவர்கள், எந்த ஊர், எங்களை அவமானப்படுத்த யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று அடுக்கினார். நான் நடிகர்கள் என்றேன், தொடர் என்றேன், பைல் மாறிவிட்டது என்றேன். பெரிய மாமா சுவரில் சாய்ந்து என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தம்பியிடம், அந்தப் பக்கத்துப் பேனரில் யார் முதலில் இருக்கிறது என்று கேட்டார். நான்தான் என்றார் சின்ன மாமா. இந்தப் பக்கம் நான் என்றார் பெரியவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேஸ் பிடிபட்டுவிட்டது.

"எதுக்குலே ரெண்டு பேனரு?" என்றார் பெரிய மாமா.

"அப்பா இல்ல மாமா. செல்வி நீங்க ரெண்டு பேரும் வேணும்ங்கிறா. ஒருத்தர முன்னால போட்டா இன்னொருத்தர் வர மாட்டீக. எனக்கு வேற வழி தெரியல."

பெரிய மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சின்ன மாமா ஒரு தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். (அவருக்கு அழுகை வந்தால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.)

"வாலே" என்றார் பெரியவர் தம்பியைப் பார்த்து. "புள்ள காத்துக்கிட்டு இருக்கும்."

செல்வி வலது கையில் ஒரு மாமனும் இடது கையில் ஒரு மாமனுமாக மேடைக்கு நடந்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், மை எல்லாம் கரைந்துபோயிற்று. நான் கதவோரமாக நின்று பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி மாதிரி அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பந்தியில் மாப்பிள்ளையின் அப்பா விடவில்லை, பேனரில் இருப்பவர்கள் யார் என்று மறுபடியும் ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய மாமா முந்திக்கொண்டார். "எங்க வகையறாதான். லண்டன்ல இருக்காக. சீசன் நேரம் பாருங்க, லீவு கெடைக்கல." பக்கத்து இலையில் சின்ன மாமா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பாயசம் வந்தபோது பெரியவர் என்னைக் குனியச் சொல்லி, அந்த இருவரில் யார் பெரியவன் என்று கேட்டார். மறுபடியும் பேனர் பிரச்சினையா என்று எனக்கு வேர்த்துவிட்டது. இன்ஸ்பெக்டர்தான் பெரியவர், ஆனால் ஏட்டு இல்லாமல் அவரால் ஒரு கேஸைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது என்றேன். இருவருக்கும் திருப்தி.

அதற்கப்புறம் எங்கள் குடும்பத்தில் பெரிய மாமா இன்ஸ்பெக்டர், சின்ன மாமா ஏட்டு. ஒரே பைக்கில் வந்து இறங்குவார்கள். வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டுதான் வருவார்கள், போகும்போதும் அதே பைக்கில்தான் போவார்கள். அந்தத் தொடர் எப்போதோ நின்றுவிட்டது, அந்தச் சேனலும் இப்போது வருவதில்லை. இங்கிலாந்தில் எந்த மூலையிலோ இருக்கிற அந்த இரண்டு மனிதர்களுக்கும், தாங்கள் ஒருநாள் திருத்தங்கலில் தாய்மாமன்களாக நின்றது தெரியாது. தெரிந்தால் கேஸ் போட்டாலும் போடுவார்கள். எனக்கு அவர்கள்மேல் நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. நல்லா இருக்கணும்.

போன வருடம் என் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். பேனருக்குப் போட்டோ கேட்டு ஆமத்தூருக்குப் போனேன். எங்கள் படம் எதற்கு, அவர்களையே போடு என்றார் பெரிய மாமா. சரி என்று எழுந்தபோது கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏட்ட மொதல்ல போடு மருமவனே. நான் ரெண்டாவது நின்னுக்கிறேன்."

அந்தச் சந்தோஷத்தோடு அச்சங்குளம் போய்ச் சொன்னேன். சின்ன மாமா கோபமாக எழுந்துவிட்டார். அது எப்படி, இன்ஸ்பெக்டர் இருக்கும்போது ஏட்டு முன்னால் நிற்பதா, அண்ணனை முதலில் போடவில்லையென்றால் விசேஷத்துக்கே வரமாட்டேன் என்றார்.

இந்த முறையும் இரண்டு பேனர் அடித்தேன்.