அப்டேட் அண்ணேயும் விற்றுப்போன இயற்கைக் காட்சிகளும்

விற்ற படத்தைக்கூட விட்டுவைக்காத ஓவியர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவர் பினாங்கில், பாயான் பாருவில், எங்கள் அடுக்குமாடியிலேயே குடியிருப்பது என் தலையெழுத்து. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை. எங்கள் வட்டாரத்துக்கு அவர் அப்டேட் அண்ணே.

வேலை புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில். அங்குள்ள அளவுக் கருவிகள் ஒழுங்காகக் காட்டுகின்றனவா என்று வருஷா வருஷம் சோதித்து, அடுத்த சோதனை எப்போது என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமையானால் மலை, கடல், வயல் என்று வரைவார். நன்றாகவே வரைவார், அதில் குறை சொல்ல முடியாது. தொல்லை என்னவென்றால், தொழிற்சாலைப் புத்தி படத்திலும் புகுந்துவிட்டது. அவர் விற்ற ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அதே ஸ்டிக்கர் இருக்கும். தேதி வந்ததும் வரைந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்பார். அங்கே மரம் போயிருந்தால் படத்திலும் போய்விடும். ரோடு வந்திருந்தால் ரோடு வந்துவிடும்.

பினாங்குத் தீவையும் எதிர்க்கரையையும் தாண்டி ஏன் எதையும் வரைவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். காலண்டரில் எத்தனை பனிமலை வருகிறது!

"மோட்டார்ல போயிப் பாத்துட்டு வர முடியாத மலைய நான் வரைய மாட்டேன் லா, தம்பி. அது இன்னும் அங்கதான் இருக்குன்னு யாரு கேரண்டி?"

மண்பற்றுக்கு இப்படி ஒரு விளக்கத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அவர் கண்காட்சி வைக்கிறார் என்றாலே, என்னையும் சேர்த்து, படம் வாங்கியவர்கள் கதவைத் திறக்க யோசிப்பார்கள். கைவசம் படம் தங்காததால், விற்றதையெல்லாம் வீடு வீடாக இரவல் வாங்கித்தான் கண்காட்சி நடத்துவார். போகும்போது இருந்த காட்சி திரும்பி வரும்போது இருக்காது. சலவைக்கடையில் ஒருமுறை, முடிவெட்டும் கடையில் ஒருமுறை நடத்தினார். காட்டுத்தீப் புகைமூட்டக் காலத்தில் நடத்திய கண்காட்சியில் எல்லாப் படமும் ஒரே சாம்பல் நிறம். சுங்கை பாக்காப் எஸ்டேட்டுக்கும் புக்கிட் மெர்தாஜாம் மலைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மலை எங்கே என்று கேட்டவரிடம், பின்னால்தான் இருக்கிறது, காற்று மாறினால் தெரியும் என்று சாதாரணமாகச் சொன்னார். காற்று மாறியதும் எல்லாவற்றையும் உட்கார்ந்து துடைத்தும் கொடுத்தார்.

அதிகம் அடிபட்டவர் ஒரு வழக்கறிஞர். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், நிதானமான மனிதர். தஞ்சோங் தோக்கோங் கடலை ஆசை ஆசையாக வாங்கி வரவேற்பறையில் மாட்டினார். படம் அடுத்த கண்காட்சிக்குப் போய் வந்தபோது, கடலைத் தூர்த்த இடத்தில் ஒரு கொண்டோ கட்டடம் முளைத்திருந்தது. அதற்கடுத்து அதன் தம்பி. இப்போது விரல் அகலத்துக்குத்தான் தண்ணீர் பாக்கி.

இந்த வருஷம் லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையின் மாடி கிடைத்தது. படங்களைச் சேகரிக்க என்னையும் என் வேனையும் பிடித்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் முனகிக்கொண்டே கொடுத்தார்கள். தையல்கடை பார்வதி அக்கா மட்டும் படத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

அது அவர் கடை வாசலிலிருந்து வரைந்த படம். எதிரே ஒரு பெரிய அங்சானா மரம். அதன் நிழலில், நீலச் சட்டையும் சாப்பாட்டுப் பையுமாக, தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஓர் ஆள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருப்பார். அது அக்காவின் கணவர். சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டிவிட்டார்கள். அவர் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு கண்காட்சிக்கும் படத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நின்றவர் அந்தக் கணவர்தான் என்பதால், அக்காவால் மாட்டேன் என்றும் சொல்ல முடியவில்லை.

"மரத்த எடுத்தா எடுத்துட்டுப் போவட்டும் தம்பி. அவர எடுத்துட்டா நான் என்னா செய்வேன்?"

அண்ணேயிடம் அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த பஸ் நிறுத்தத்துக்குப் போனார். திரும்பி வந்து படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து உட்கார்ந்தவர், என்னைக் கிட்டவே விடவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்டிக்கரை அவர் நெற்றியில் ஒட்டியிருப்பேன்.

திறப்பன்று அக்கா நேராக அந்தப் படத்திடம் போனார். பின்னாலேயே நானும் போனேன். மரம் இல்லை. சாலை அகலமாக, வெள்ளையாக, வெயிலில் காய்ந்து கிடந்தது. நீலச் சட்டைக்காரர் இருந்தார். நின்ற இடத்திலேயே, அதே பையோடு. அக்கா மூச்சு விட்டார். நானும் விட்டேன். ஆனால் அக்கா நகரவில்லை.

"நெழல எடுத்துட்டு இவர மட்டும் வெயில்ல நிக்க வச்சிட்டீங்களேண்ணே."

அண்ணே படத்துக்குக் கிட்டே போனார். சட்டைப்பையிலிருந்து தூரிகையையும் ஒரு வண்ணக் குழாயையும் எடுத்தார். வந்திருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஆளின் கையில் ஒரு கறுப்புக் குடையை வரைந்து கொடுத்தார். உலகத்தில் இல்லாத ஒன்றை அவர் வரைந்து நான் பார்த்தது அன்றுதான்.

வழக்கறிஞர் சும்மா இருப்பாரா? இத்தனை வருஷ வழக்குக்கு அன்றுதான் அவருக்குச் சாட்சி கிடைத்தது. "இல்லாத கொடைய வரையலாம்னா, என் கடலையும் திருப்பிக் குடுங்க லா."

"அங்க கடல் இல்ல சார். நான் போயிப் பாத்தேன்."

"அப்ப இவரு?"

அண்ணே தூரிகையைத் துணியில் துடைத்தார். அக்கா பக்கம் திரும்பவில்லை.

"அங்கயும் போயிப் பாத்தேன் சார். நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு. பஸ் இன்னும் வரலே."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குடை நன்றாக இருக்கிறது என்றார்.

நானறிந்து அந்த மனிதர் சொன்ன ஒரே பொய் அது. இப்போதெல்லாம் அவர் என் கதவைத் தட்டினால், என் வீட்டுப் படத்தை நானே கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன்.