விமானத்தைத் தொடாத மெக்கானிக்கின் படிப்புக் கடன்

டொலிடோ, ஒஹாயோ
மார்ச் 14

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் க்ளைட் அவர்களுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட மெர்ல் பணிவுடன் எழுதுவது. என் இடது இடுப்பைத் தவிர இங்கு எல்லாம் சௌக்கியம். அரிசோனா வெயிலில் உங்கள் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். சென்ற செவ்வாய்க்கிழமை திவால் நீதிமன்றத்தில் நான் கண்டதை நினைத்தால் இன்னும் பேச்சு வருவதில்லை, அதனால்தான்.

கண்ணாடித் தொழிற்சாலை மூடியபோது எனக்கு வயது நாற்பத்து நான்கு. விமானம் பழுதுபார்க்கும் படிப்பில் சேர்ந்ததும், அந்தப் பள்ளிக்கூடம் பதினோரு மாதத்தில் இரவோடிரவாகக் காணாமல் போனதும், அதுவரை எங்களுக்குக் காட்டப்பட்ட ஒரே எஞ்சின் புல் வெட்டும் எஞ்சின் என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். தெரியாதது, அதற்காக ஒரு வங்கியில் வாங்கிய நாற்பதாயிரம் டாலர், பதினெட்டு வருடம் விடாமல் கட்டியதன் பலனாக வட்டி ஏறித் தொண்ணூறாயிரம் ஆகியிருந்தது என்பது. ஆஸ்பத்திரி பாக்கி, கார்டு பாக்கி எல்லாம் திவால் மனுவில் கரைந்துவிடுமாம், படிப்புக் கடன் மட்டும் கரையாதாம். அதற்குத் தனி வழக்குப் போட்டு, இதைக் கட்டினால் பிழைக்க வழியில்லை, இனி நிலைமை மாறப்போவதும் இல்லை என்று நீதிபதியிடம் நிரூபிக்க வேண்டுமாம். இதையெல்லாம் விளக்கியவள் என் வக்கீல் ஹான்னா கஸ்மரெக். இருபத்தெட்டு வயதுதான், ஆனால் கேட்கிறவன் நிமிர்ந்து உட்காரும்படி பேசுவாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். சாட்சிக் கூண்டுல ஏறினதும் பெருமை மட்டும் பேசாதீங்க” என்றாள்.

“நான் எப்பம்மா பெருமை பேசினேன்?”

பக்கத்திலிருந்த உங்கள் தங்கை டார்லீன் சிரித்தாள். “இவரா? இடுப்புல ஆணி அடிச்சு ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்டயே, ‘லேசா புடிச்சிக்கிச்சு, அவ்வளவுதான்’னு சொன்ன ஆளும்மா.”

அந்த ஆணிகள் நீதிமன்ற வாசலிலேயே என் மானத்தை வாங்கின. வாசலில் உலோகம் சோதிக்கும் வளையம் கூவ, பெல்ட்டைக் கழற்றச் சொல்ல, பெல்ட்டோடு கால்சட்டையும் கிளம்பிவிட, பெல்ட்டைத் திரும்ப மாட்ட நேரமில்லாமல் ஒரு கையால் அதைப் பிடித்தபடி மறுகையை உயர்த்தி நான் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. வங்கியின் வக்கீல் பளபளக்கும் ஷூவோடு எழுந்தார்.

“உடம்பு எப்படி இருக்கு?”

“கல்லு மாதிரி இருக்கேன்.”

ஹான்னாவின் பேனா கீழே விழுந்தது.

“ஸ்கூல் பஸ் ஓட்டறீங்க. மேல வர வாய்ப்பு இருக்கா?”

“தாராளமா. டிப்போ மேற்பார்வையாளரா ஆகிடுவேன்.” அந்தப் பதவியையே போன வருடம் எடுத்துவிட்டார்கள். ஆனால் இத்தனை பேர் முன்னால் வேறு என்ன சொல்வது, மச்சான்?

“அப்போ அஞ்சு வருஷத்துல நிலைமை முன்னேறும்னு நம்பறீங்க?”

“நிச்சயமா!”

அவர் திருப்தியாக உட்கார்ந்தார். ஹான்னா கண்களை மூடிக்கொண்டாள். அப்போது நீதிபதி ட்ரஸ்கட் அம்மையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இடுப்பு வலிக்கு மாத்திரை இருக்கா?”

“இருக்கும்மா. அருமையான மாத்திரை. பாதி போட்டாலே போதும்.”

“பொய்!” என்று பின்வரிசையில் ஒரு குரல். உங்கள் தங்கைதான். “விலை கட்டுப்படியாகலன்னு உடைச்சு முழுங்கறாரும்மா! கடைவாய்ப் பல்லு நாலு போச்சு, கட்டல. பஸ் படி ஏற மூணு நிமிஷம் ஆகுது!”

காவலர் அவளை நோக்கி நடந்தார். நீதிபதி கையைத் தூக்கி நிறுத்தினார். “அங்கேருந்து கத்தாதீங்கம்மா. இங்க வந்து சத்தியம் பண்ணிட்டுப் பேசுங்க.”

டார்லீன் கைப்பையோடு வந்தாள். இருபது நிமிடம் பேசினாள். நான் பெருமூச்சு விட்டபோதெல்லாம் அவள் கணக்கு வைத்திருந்திருக்கிறாள். குளிரில் ஹீட்டரை அணைத்துவிட்டு, “காத்தாட இருக்கட்டும்” என்று நான் சொன்னதைச் சொன்னாள். உங்கள் அம்மாவின் பியானோவை சர்ச்சுக்குக் கொடுத்ததாக என்னிடம் சொன்னாளே, அதை விற்று இரண்டு தவணை கட்டியிருக்கிறாள். (இது உங்களுக்கும் இப்போதுதான் தெரியும் என்று நினைக்கிறேன். மன்னிக்கவும்.) முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் இத்தனை ஏழைகள் என்பது எனக்கு அந்தக் கூண்டருகே நின்றபோதுதான் தெரிந்தது. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீதிபதி சற்று நேரம் எழுதினார். பிறகு சொன்னார்: “சட்டம் கேக்கறது கஷ்டத்தைத்தான். இவருக்கு நம்பிக்கை இருக்கு, அதை நான் பார்த்தேன். ஆனா அந்த நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இந்த நீதிமன்றத்துல தாக்கல் ஆகல. கடன் தள்ளுபடி.”

அவ்வளவுதான், மச்சான். இடி இல்லை, மின்னல் இல்லை. பதினெட்டு வருடம் என் தோளில் உட்கார்ந்திருந்த மலை, ஒரு அம்மாள் வாய் திறந்து மூடுவதற்குள் இல்லாமல் போயிற்று. நான் கடலைப் பார்த்திருக்கிறேன், முழு சூரிய கிரகணத்தைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கடைசியில் வங்கி வக்கீலே கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்து, “வாழ்த்துக்கள் சார்” என்றவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “எனக்கும் படிப்புக் கடன் ரெண்டு லட்சம் இருக்கு” என்றார். படியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. டார்லீன் என் பெல்ட்டை மாட்டிவிட்டாள். இருவரும் பாதி பாதியாகப் பங்கு போடாமல் ஆளுக்கு ஒரு முழு ஹாட் டாக் சாப்பிட்டோம்.

நீங்களும் உங்கள் வீட்டாரும் நூறாண்டு கவலையின்றி வாழ, பாரம் இறங்கிய மனதோடு வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மைத்துனன்
மெர்ல்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் ஹான்னா அழைத்தாள். தள்ளுபடி ஆனது எனக்கு மட்டும்தானாம். பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட்டவரை அது விடுவிக்காதாம். யார் அந்தப் பாவி என்று நகலைப் பார்த்தேன். நான் படிப்பில் சேர்ந்த வருடப் பிக்னிக்கில் உங்கள் கார் பானட்டின் மேல் வைத்து, என்னவென்று படிக்காமலே ஒன்றில் கையெழுத்துப் போட்டீர்களே, நினைவிருக்கிறதா? அழகான கையெழுத்து. வங்கி உங்களுக்கும் எழுதியிருக்கிறதாம். பயப்படாதீர்கள், நீங்களும் மனுப் போடுங்கள். டார்லீன் சாட்சி சொல்ல வருகிறாள். உங்களைப் பற்றியும் அவளுக்கு நிறையத் தெரியுமாம்.