ஐந்து கிலோக் கல்லும் என் தாயாரின் எலும்பும்

போடிநாயக்கனூர்,
9-9-1983

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் எலும்பு நோவின்றி நலமாயிருக்க வேண்டுகிறேன். ஏழு மாதமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி முடியாது. யாப்பிலக்கணம் பற்றி நான் அனுப்பிய மூன்று கட்டுரைகளையும் இடமில்லை என்று திருப்பி அனுப்பினீர்கள். பொறுத்தேன். இல்லாத அந்த இடத்தில், அறுபது தாண்டியவர்கள் எடை தூக்கினால் எலும்பு உறுதிப்படும் என்று தங்கள் டாக்டர் முழுப் பக்கம் எழுதினாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

என் தாயார் ஒச்சம்மாளுக்கு வயது அறுபத்தொன்பது. தை மாதம் குழாயடியில் வழுக்கி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு மெலிந்துவிட்டது என்றார் கட்டுப் போட்டவர். குரங்கணிக்கு மேலே இருக்கும் எங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு இனி ஏறக்கூடாது, மறுபடி விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று நான் தடை போட்டேன். அப்பா காலமான பிறகு ஒரு வருஷம்கூட முதல் காயெடுப்புக்குப் போகாமல் இருந்தவரல்ல அம்மா. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவருக்கு எழுத்துத் தெரியாது. பால் குடிக்கச் சொல்லியிருப்பார்கள் என்று நம்பித் தங்கள் டாக்டரின் பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டிய மடையன் நானேதான். பாலை விட்டுவிட்டு எடையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டில் எடைக்கு என்ன பஞ்சம்? கீழே ஏலக்காய்க் கடை, மேலே வீடு. எம்.ஏ. படித்தவனைக் கல்லூரிப் பக்கம் போகவிடாமல் அந்தக் கடையில் உட்கார வைத்தவர் என் அப்பா. அது தனிக் கடிதம். இரும்புத் தராசுக் கற்கள் ஒவ்வொன்றாக மாடியேறின. சித்திரையில் ஒரு கிலோ, ஆனியில் இரண்டு, ஆடியில் பிடி வைத்த ஐந்து கிலோ. கல்லோடு நாற்காலியில் உட்காருவது, கல்லோடு எழுவது. பக்கத்து வீட்டு மாயக்காளும் சேர்ந்துகொண்டார். போடிமெட்டிலிருந்து காசிமாயன் காய் விற்க மூட்டையோடு வந்து நிற்கிறார், தராசில் கல்லைக் காணோம். மாடிப்படியில் நின்று கேட்டால், “கல்லு எங்கிட்டு ஓடிப்போகுது? அந்தத் தம்பியை ஒரு காப்பி குடிக்கச் சொல்லு அப்பு. எனக்கு இன்னும் ஆறு தடவை இருக்கு” என்று பதில் வருகிறது. காசிமாயனாவது கோபப்பட்டிருக்கலாம். அவர் கீழேயிருந்தே எண்ணிக்கை சொல்லத் தொடங்கிவிட்டார்.

போன வாரம் அம்மா காயெடுப்புக்குப் புறப்பட்டுவிட்டார், மாயக்காளையும் கூட்டிக்கொண்டு. தடுப்பதற்காக நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். குரங்கணியில் இறங்கி நடை. அம்மாவின் தலையில் பத்துக் கிலோ அரிசி, என் கையில் குடை. எலும்பு மெலிவதால் வரும் கேடுகளை விளக்கிக்கொண்டே ஏறினேன். இரண்டாவது ஓடையில் ஈரப்பாறை. அம்மா கால் வைத்தார், நிதானித்தார், தாண்டினார். அதே பாறையில் நானும் கால் வைத்தேன். கணுக்கால் பிசகிக் குடையோடு தண்ணீரில் கிடந்தேன். அரிசியை மாயக்காளிடம் மாற்றிவிட்டு, என் கக்கத்தில் தோளைக் கொடுத்து ஒரே மூச்சில் நிமிர்த்திவிட்டார்.

“தோளைப் பிடி அப்பு. வெரசா நட, மழை வருது.”

பின்னால் வந்த மாயக்காளுக்கு வாய் சும்மா இருக்குமா? “ஏன் மதினி, இந்த லோடு எத்தனை கிலோ இருக்கும்?”

“தூக்குற எடைதான்” என்றார் அம்மா.

குரங்கணி வரை கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றிவிட்டு, மறுபடி மலையேறிவிட்டார். மணிக்கட்டை முறித்தவர் தோட்டத்தில், தடை போட்டவன் கட்டிலில். ஆகவே, மகன்களின் மானத்தை உத்தேசித்துத் தங்கள் டாக்டரின் பகுதியை உடனே நிறுத்த வேண்டும். தங்கள் இல்லத்துப் பெரியவர்கள் அனைவருக்கும் என் வணக்கம். அவர்களிடம் இரும்பு எதையும் கொடுக்காதீர்கள்.

பி.கு.: அம்மா வரப் பத்து நாள் ஆகும். ஐந்து கிலோக் கல் என் கட்டிலுக்கு எதிரிலேயே இருக்கிறது. ஐம்பத்தொரு வயதில், இதுவரை பேனாவைத் தவிர எதையும் தூக்காத ஒருவர் அரைக் கிலோவில் தொடங்கலாமா, கணுக்கால் வீக்கம் வடியும்வரை பொறுக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டு அடுத்த இதழிலேயே போடவும். பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டப்போவது நான்தான்; என் பெயரை நானே உரக்க வாசிக்க இயலாது. பெயர் இல்லாவிட்டால் இது யார் வீட்டுக் கதை என்று போடியில் எவருக்கும் தெரியப்போவதில்லை. எனவே கையெழுத்திடாமலே தபாலில் சேர்க்கிறேன்.