ஆம்பூர் பொத்தானைத் தொட்டால்

இணையப் பக்கத்தில் 'ஆம்பூர்' பொத்தானைத் தொட்டால் பக்கம் சர்ரென்று அடிவரைக்கும் ஓடி ஃபஹீமின் புகைப்படத்தில் போய் நிற்கிறது என்று, அன்று காலையில் மட்டும் நான்கு தாய்மார்கள் புகார் சொல்லியிருந்தார்கள்.

"நான் வேணும்னு பண்ணல சாச்சி" என்றான் ஃபஹீம்.

"ஊரு அப்படிப் பேசலியே. பொதுப் பக்கம்னு சொல்லிட்டு தனக்குப் பொண்ணு தேடுறான்றாங்க."

மஹ்பூபி சாச்சி ஆம்பூரில் இருபது வருடமாக நிக்காஹ் சம்பந்தம் பேசி வைப்பவர். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஃபஹீம்தான், சித்தி என்ற பாசத்தில், மாப்பிள்ளைகளை ஊர்வாரியாகப் பார்க்க ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தான். விவரங்களைத் தட்டச்சு செய்வதும் வருகிற போனை எடுப்பதும் முபஷ்ஷிரா. பி.காம். முடித்தவள், இரண்டு தெரு தள்ளி வீடு.

தப்பு எங்கே என்று ஃபஹீம் அரை மணியில் கண்டுபிடித்துவிட்டான். பொத்தானைத் தொட்டதும் முகவரியின் கடைசியில் # குறியும் ஊர்ப் பெயரும் வந்து சேரும். அதைப் பார்த்து அந்த ஊர் ஆட்களை மட்டும் காட்டுவது அவன் செய்த ஏற்பாடு. ஆனால் அந்தக் குறிக்குப் பின்னால் எந்தப் பெயர் வந்தாலும், அதே பெயருள்ள கட்டத்தைத் தேடி ஓடுவது போனின் பிறவிக் குணம். முதன்முதலில் மாதிரிக்காகத் தன் விவரத்தை ஒரு கட்டத்தில் போட்டு, அந்தக் கட்டத்துக்கு 'ஆம்பூர்' என்றே பெயர் வைத்திருந்தான். அந்தப் பெயரை நம்பியே மற்றதெல்லாம் எழுதியிருந்ததால், இப்போது அதை மாற்றவும் வழியில்லை. பின்னால் வந்தவர்கள் மேலே மேலே ஏற, அவன் அடியில் தங்கிப்போனான்.

தன் கட்டத்தையே எடுத்துவிடுகிறேன் என்றதற்குச் சாச்சி ஒப்பவில்லை. சொந்தப் பிள்ளையையே போடாத பக்கத்தை யார் நம்புவார்கள் என்று கேட்டார்.

எனவே, ஓடிய பக்கத்தை உடனே மேலே இழுத்து வரும்படி ஒரு வரி எழுதினான். இப்போது பக்கம் கீழே போய், ஃபஹீமின் முகத்தை மின்னலாகக் காட்டிவிட்டு, உச்சியில் இருந்த சாச்சியின் படத்தில் வந்து நின்றது. காவேரிப்பாக்கத்தில் மனைவியை இழந்த பெரியவர் ஒருவர், மேலே இருக்கிற அம்மாவுக்கு வயதுப் பொருத்தமெல்லாம் தேவையில்லைதானே என்று போனில் விசாரித்தார். சாச்சியின் கணவர், சாச்சா, இரண்டு நாள் வீட்டில் சாப்பிடவில்லை.

அடுத்து, முகவரியில் அந்தக் குறியே வராதபடி தடுத்தான். பக்கம் அசையாமல் நின்றது. ஆனால் ஊர்ப் பெயரும் முகவரியில் இல்லாமல் போனது. வாணியம்பாடி மாப்பிள்ளையைப் பிடித்துப்போன ஒரு குடும்பம் அந்த இணைப்பைச் சென்னை சொந்தங்களுக்கு அனுப்ப, அவர்களுக்கு எல்லா ஊரும் மொத்தமாகத் திறந்தது. முதலில் தெரிந்த குடியாத்தத்துக்காரர்தான் மாப்பிள்ளை என்று நினைத்து அவருக்கே போன் போட்டு முபாரக் என்று வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். அவர் உடனே சலூனுக்குக் கிளம்பிவிட்டார்.

அதைச் சமாதானப்படுத்தவே சாச்சிக்கு ஒரு வாரம் ஆனது. இன்னொரு தப்பு நடந்தால் பிள்ளைகளின் விவரங்களைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஆறு தாய்மார்கள் எச்சரித்தார்கள்.

ஃபஹீமுக்கு இதையெல்லாம்விட ஒன்று உள்ளுக்குள் உறுத்தியது. அவனுக்கு வயது முப்பத்தொன்று. ஊரில் பாதிப் பேர் பொத்தானைத் தொட்டு அவன் முகத்தில் வந்து விழுந்திருக்கிறார்கள். யாருமே கேட்கவில்லையா? ஒரு மத்தியானம், பேச்சுவாக்கில் கேட்பது போல முபஷ்ஷிராவிடம் கேட்டான்.

"என்னைப் பத்தி யாராச்சும் போன் பண்ணாங்களா?"

அவள் கீபோர்டைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்குன்னு சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றாள்.

சோகத்தில்தான் அவனுக்கு வழி தெரிந்தது. பொத்தானில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'காட்டு-' என்று சேர்த்தான். 'காட்டு-ஆம்பூர்' என்ற பெயரில் எந்தக் கட்டமும் கிடையாது. ஆகவே போன் ஓடுவதற்கு இடமில்லை. முன்னால் சேர்த்ததை நீக்கிவிட்டு மீதிப் பெயரைப் படித்து ஆட்களைப் பிரிக்கும்படி செய்தான். பக்கம் ஆடாமல் நின்றது, ஊர் சரியாகப் பிரிந்தது, இணைப்பை யாருக்கு அனுப்பினாலும் அதே ஊர் திறந்தது. சாச்சா வீட்டில் சாப்பிட்டார்.

பத்து நாள் ஒரு புகாரும் இல்லை. பதினோராம் நாள் முபஷ்ஷிரா வேலைக்கு வரவில்லை. அவளுடைய அம்மா வஹீதா, ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்போடு வந்து உட்கார்ந்தார். சாச்சி முகம் வெளுத்து, பக்கம் மறுபடி ஓடுகிறதா என்று கேட்டார். ஃபஹீம் அவசரமாகப் போனை எடுத்தான்.

"பக்கம் நல்லாத்தான் நிக்குது" என்றார் வஹீதா. "ஆனா, உங்க ஃபஹீமைக் கேட்டு போன் பண்ண இருபத்தாறு பேர்கிட்டயும் அவருக்கு சம்பந்தம் முடிஞ்சுபோச்சுன்னு எம்பொண்ணு சொல்லியிருக்கா, அது பொய்யாயிடக் கூடாதேன்னுதான் வந்தேன்."