தங்கள் பேத்திக்குப் பெயர் வைக்கப்பட்டது பற்றி

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.
1932, ஆடி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ மாமா அவர்கள் சமுகத்துக்கு, மருமகள் ரமணி அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தையும் அத்தையின் முழங்கால் சௌக்கியத்தையும் தெரிவிக்கக் கோருகிறேன். தங்கள் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, பயம்.

குழந்தைக்குத் தங்கள் தாயாரின் பெயரான சிவகாமுத்தம்மாள் என்பதையே வைக்க வேண்டும் என்று தாங்கள் எழுதினீர்கள். கமலவல்லி என்றுதான் வைக்க வேண்டும் என்று என் அப்பா எழுதினார். இரண்டு கடிதங்களையும் உங்கள் பிள்ளையிடம் கொடுத்து, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்றேன். இந்தியா சர்க்காரின் பிரதிநிதிக்கு உதவியாளராகக் கடல் தாண்டி வந்ததிலிருந்து அவர் எதற்கும் ஆமாம் என்று சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை என்பது தங்களுக்குத் தெரியாது. தோட்டம் தோட்டமாகப் போய்க் கூலிக்காரர்கள் சொல்வதைக் கேட்கிறார், பிறகு துரை பங்களாவில் எலுமிச்சை சர்பத் குடித்துக்கொண்டு துரை சொல்வதைக் கேட்கிறார், இரண்டு பேருக்கும் கோபம் வராதபடி எழுதி அனுப்புகிறார். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குழந்தைக்குச் சளி பிடித்தால் நிலைமையைக் கூர்ந்து கவனித்து வருகிறோம் என்கிறார். பெயர் விஷயத்தில், இரு தரப்பாரின் கருத்தும் கவனத்தில் கொள்ளப்பட்டது என்றார். அப்படியே ஐந்து மாதம் போய்விட்டது. பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து இராசேஸ்வரி அக்கா தினமும் வேலியோரம் நின்று, "என்ன பிள்ளை, இன்னும் பேர் வைக்கேல்லையோ? குஞ்சு எண்டு எவ்வளவு நாளைக்குக் கூப்பிடுறது?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். பி.ஏ. படித்தவள் பெற்ற குழந்தை, 'ஏய்' என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிடுமோ என்று பயந்து போனேன்.

இதற்கு நடுவே ஒரு விஷயம் தெரிய வந்தது. தோட்டங்களில், ஊரிலிருந்து வந்த சர்க்கார் மனிதர் என்று உங்கள் பிள்ளை மடியில் குழந்தைகளைப் போட்டுப் பெயர் வைக்கச் சொல்கிறார்களாம். தண்ணீர்க் குழாய் கேட்டால் இவர் சிம்லாவுக்கு எழுத வேண்டும், சிம்லா லண்டனுக்கு எழுத வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. யாரையும் கேட்காமல் இவர் கொடுக்கக்கூடியது பெயர் ஒன்றுதான். அதற்கும் சொந்தமாக யோசிக்காமல், சட்டைப்பையில் கிடந்த நம் இரண்டு பெயர்களையே மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். சுங்கை பூலோ பக்கம் மட்டும் தங்கள் தாயார் கூலிகள் குடியிருக்கும் நாலு லயத்தில் தவழ்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் துரைசாணி தேநீருக்கு அழைத்ததால், அங்கே போகும் அவரோடு நானும் குழந்தையை எடுத்துக்கொண்டு போனேன். போன உடனே குழந்தை கவுனை நனைத்துவிட்டு வீல் வீலென்று கத்தினாள். பங்களாவில் வேலை பார்க்கும் தனலெட்சுமி என்கிற பெண், "குடுங்கம்மா, நான் வெச்சிக்கிறேன்" என்று வாங்கித் தன் பழைய சேலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். எங்கே போனாள்? ஊரே கூடியிருந்த கோயில் வாசலுக்கு, ஐயா பெயர் வைப்பதை வேடிக்கை பார்க்க. வேடிக்கை பார்க்க நின்றவளை வரிசையில் நிற்கிறாள் என்று நினைத்து முன்னே தள்ளிவிட்டார்கள். துரைசாணியின் ரோஜாச் செடிகளிடமிருந்து தப்பித்து நான் வந்து பார்க்கும்போது, தங்கள் பேத்தி தன் அப்பா மடியில் கூலிக் குழந்தையாக உட்கார்ந்திருக்கிறாள்!

கங்காணி பக்கிரிசாமி, "இதாங்க கடைசிப் புள்ள. சட்டுனு வைங்கய்யா, லோரி நிக்குது" என்று அவசரப்படுத்தினார்.

"எந்த லயத்துப் பிள்ளை?" என்றார் உங்கள் பிள்ளை.

"ஐயா, இது வந்துங்க..."

"பயப்படாதேம்மா. உன் பேரு என்ன?"

"தனலெட்சுமிங்க. ஆனா இது..."

"நல்ல பேரு. அதுவே இருக்கட்டும்" என்று குழந்தை காதில் மூன்று தரம் சொல்லி, நாக்கில் சர்க்கரையும் வைத்துவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள்.

"ஏங்க, அது நம்ம புள்ளைங்க!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அவர் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார். "அப்படியா? விசாரிக்கிறேன்" என்றார். மாமா, பெற்ற பிள்ளையை விசாரித்துத் தெரிந்துகொள்ளும் தகப்பனைப் பற்றி எந்தக் காலேஜிலும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

வழி நெடுக அழுதேன். வீட்டுக்கு வந்ததும், மாற்றி வையுங்கள் என்றேன். "சபையிலே வெச்ச பேரை வாபஸ் வாங்கினா, மத்த புள்ளைங்களைப் பெத்தவங்க என்ன நினைப்பாங்க? நம்ம வீட்டுக்கு மட்டும் ஆகாத பேரான்னு கேட்க மாட்டாங்களா?" என்றார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர் தெளிவாகப் பேசியது அன்றைக்குத்தான். அந்தப் பெண் தனலெட்சுமியும் பயந்துகொண்டே, "என் பேரு வேணாம்னா விட்ருங்கம்மா" என்று சொல்லியனுப்பியிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், குழந்தை சிரித்தாள். ஆகவே தங்கள் பேத்தியின் பெயர் தனலெட்சுமி. கோபித்துக்கொள்வதானால் உங்கள் பிள்ளையின் கவனக்குறைவைக் கோபித்துக்கொண்டு, குழந்தைக்கு மட்டும் ஆசீர்வாதம் எழுதியனுப்ப வேண்டும்.

அத்தைக்கு நமஸ்காரம். சின்னவர்களுக்கு அன்பு. தோட்டத்துச் சிவகாமுத்தம்மாள்கள் நால்வரும் நலம்.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மருமகள்,
ரமணி இராமலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் பிள்ளை எடுத்துப் படித்துவிட்டார். கவனக்குறைவு என்ற இடத்தில் மட்டும் முகம் சுருங்கியது. "என் மூக்கை அப்படியே உரிச்சு வெச்சிருக்கா. எனக்கா தெரியாது?" என்றார். நான் குழந்தையின் மூக்கைத் திரும்பிப் பார்த்தேன். "உங்கப்பாவுக்கும் வருத்தம் வராம, எங்கப்பாவுக்கும் வருத்தம் வராம வேற எப்படி முடிக்கிறது? ஆனா இதை மட்டும் அப்பாவுக்கு எழுதிடாதே" என்றார். சரி என்றேன். கடிதத்தை நானே தபாலில் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.